வெறும் நெற்றியோடு ஓர் அமெரிக்கச் சிறுமி

லண்டனுக்கு நான் போனது தம்பியைப் பார்ப்பதற்காக. போய் இறங்கியபோது தம்பி இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. விசாவுக்காக நான் கொழும்பில் காத்துக் கிடந்தேன். அவனுக்குக் காத்திருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெய்க்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்ற காலம். அப்படியிருந்தும் அவனுக்குப் பிடிக்கும் என்று பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா ஒரு பை கட்டி வைத்திருந்தேன். செய்தி வந்த பிறகும் அதைப் பெட்டியிலிருந்து எடுக்க மனம் வரவில்லை. லண்டன் விமான நிலையத்தில் சுங்க உத்தியோகத்தர் பையை அவிழ்த்து மணந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். என் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. பின்னால் நின்ற தமிழர் ஒருவர்தான் ஏதோ சொல்லிக் காப்பாற்றினார்.

"அவர் என்ன கேக்கிறார், தம்பி?"

"சீமெந்தோ எண்டு கேக்கிறார் அம்மா. சாப்பாடு எண்டு சொன்னன். பாவம் இந்தச் சனம் எண்டிறார்."

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்க மாட்டேன். அந்தக் கூச்சத்தால் வந்த வினையைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

தம்பியின் வீடு ரெய்னர்ஸ் லேனில் இருந்தது. அவன் மனைவி பவளம் வாசலில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அழுது ஓய்ந்து உள்ளே போய்ப் பார்த்தால் சுவர் தெரியவில்லை. முழுதும் படங்கள். ஆறு, மலை, பாய்க்கப்பல், தட்டில் வைத்த ஆப்பிள், கறுப்புக் கோட்டுப் போட்ட யாரோ ஒரு பெரிய மனிதர். எல்லாம் பழைய அமெரிக்கப் படங்கள், கையால் எண்ணெய்ச் சாயத்தில் வரைந்தவை. சாமிப் படத்தைக் காணவில்லை.

"சுவரிலை இடமெங்கை மச்சாள்? முருகனையே தூக்கி அலுமாரிக்குள்ளை வைச்சவர் உங்கடை தம்பி" என்றாள் பவளம்.

தம்பி குணம் தபால் பிரிக்கிற இடத்தில் இரவு ஷிப்ட் வேலை செய்தவன். விடிய வீட்டுக்கு வந்து இரண்டு மணித்தியாலம் படுத்துவிட்டு ஏல மண்டபங்களுக்குப் போய்விடுவானாம். அந்த நாளில் லண்டனில் பழைய அமெரிக்கப் படங்களை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. பெயர் தெரியாத இங்கிலாந்துக்காரன் வரைந்தது என்று தவறாக எழுதி மூலையில் சாத்தி வைத்திருப்பார்களாம். அதில் அமெரிக்கப் படம் எது என்று இவன் கண்டுபிடிப்பானாம்.

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவன் படித்தது அந்தக் காலத்து அமெரிக்கப் பாதிரிமார் கட்டிய பள்ளிக்கூடத்தில். தலைமை ஆசிரியரின் அறையில் அவர்கள் விட்டுப்போன ஓர் ஆற்றுப் படம் தொங்கியது. குழப்படி செய்தால் அதற்கு முன்னால் முழந்தாளில் நிற்க வேண்டும். தம்பி செய்த குழப்படிக்கு அந்த ஆற்றை அவனைப் போல நெடுநேரம் பார்த்தவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

முன் அறையில் தனியாக ஒரு படம் இருந்தது. ஆறு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. கறுப்புச் சட்டை, சிவப்புச் சப்பாத்து, நடு உச்சி பிரித்துச் சீவிய தலை. கையில் ஒரு ரோசாப்பூ, தலைகீழாக.

"பூவை ஏன் மச்சாள் கவிட்டுப் பிடிச்சிருக்கு?"

"செத்த பிள்ளை மச்சாள் அது. அமெரிக்காவிலை முந்தி ஊர் ஊராய்ப் போய்ப் படம் கீறுற ஆக்கள் இருந்தவையாம். பிள்ளை செத்தால் கூப்பிட்டுக் காட்டுவினம். செத்த முகத்தைப் பாத்து உயிரோடை இருக்கிற மாதிரிக் கீறுவினமாம். பூ கவிண்டிருந்தால் ஆள் இல்லை எண்டு அர்த்தம். அவர் சொல்லுவார், இந்தப் பிள்ளையைப் பெத்ததுகள் எவ்வளவு நேரம் இதைப் பாத்துக்கொண்டு இருந்திருக்குங்கள் எண்டு."

அந்தப் பிள்ளைக்குப் பெயரும் இல்லை, வரைந்தவனுக்கும் பெயர் இல்லை. குணத்துக்கு அந்தப் படம்தான் உயிர். தான் போன பிறகு அது ஒரு வீட்டுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது, நாலு பேர் பார்க்கிற இடத்தில் தொங்க வேண்டும் என்று லண்டனுக்கு வெளியே ஒரு சிறிய காட்சிச்சாலைக்குக் கடிதம் எழுதியிருந்தான். அமெரிக்கப் படங்கள் வைத்திருக்கிற இடம் அது. அவர்கள் பதில் போட்டிருந்தார்கள். அன்பளிப்பாகப் பெற்றுக்கொள்வதாகவும், படத்துக்குக் கீழே அவன் பெயரைப் போட்டு வைப்பதாகவும். கடிதம் வந்தபோது அவன் ஆஸ்பத்திரியில் இருந்தான். வாசித்துக் காட்டினார்களாம்.

அவன் மகள் சாந்தி அந்தப் பெயர்ப் பலகை வாசகத்தை மட்டும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் அடித்து அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள். தேத்தண்ணி போடும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள். ஒருநாள் எனக்கு விரல் வைத்து வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"குணரத்தினம் நினைவாக, குடும்பத்தினரின் அன்பளிப்பு. அப்பாண்ட நேம், மாமி. மியூசியம் வோலிலை. தபால் ஒஃபிசிலை முப்பது வருசம், ஒருத்தருக்கும் அந்த நேமைச் சரியாச் சொல்லத் தெரியாது. கேரி எண்டுதான் கூப்பிட்டவை. இனி எல்லாரும் வாசிக்கட்டும்."

சாவுத் தீட்டான துடக்கு இருக்கிற வீடு என்பதால் முப்பத்தோராம் நாள் வரைக்கும் மரக்கறிதான். ஐசில் உறைந்த முருங்கைக்காய் கல்லுப் போல வரும். சட்டியில் போட்டால் கஞ்சியாகிவிடும். வீட்டுக்குள் இருந்து நான் வாடுகிறேன் என்று பவளம் ஒருநாள் என்னை நகரத்துக்குக் கூட்டிப்போனாள். சிங்கச் சிலைகளும் புறாக்களும் இருக்கிற பெரிய சதுக்கம். அங்கே உள்ள ஓவியக் காட்சிச்சாலை எங்கள் ஊரில் கோயில் தேரை நிறுத்துகிற தேர்முட்டியைப் பத்து மடங்கு பெருப்பித்தது போல இருந்தது. சும்மா உள்ளே போகலாம், ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை. அமெரிக்கப் படங்கள் அங்கே மிகக் கொஞ்சம். அவற்றுக்கு முன்னால் ஒரு நீட்டு ஆசனம்.

காவலுக்கு நின்ற நரைத்த தலைக் கறுப்பினப் பெண் பவளத்தை அடையாளம் கண்டு பேசினாள். பவளம் எனக்குத் தமிழில் சொன்னாள்: "இவர் இந்த ஆசனத்திலைதான் இருப்பாராம். ஒருநாள் பள்ளிக்கூடப் பிள்ளையளைக் கூட்டிவந்த ரீச்சருக்குப் பிழை பிடிச்சுக் குடுத்தவராம். அந்த மனுசி கோவிச்சுக்கொண்டு போட்டுதாம். எங்கை ஆளைக் கன நாளாய்க் காணேல்லை எண்டு கேக்கிறா."

தம்பி இறந்ததைப் பவளம் அவளுக்குச் சொன்னாள். வேலை நேரத்தில் காவலர்கள் உட்காரக் கூடாதாம். அந்தப் பெண் அதே ஆசனத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

வெளியே படிக்கட்டில் இருந்து புட்டுப் பொதியை அவிழ்த்துச் சாப்பிட்டோம். புறாக்கள் சேலைக்குள்ளே வந்தன. திரும்பி வரும்போது ரயிலில் ஒரு கூத்து. பவளம் முதலில் இறங்கினாள். நான் தலைப்பைச் சரிசெய்துகொண்டு எழும்புவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் வாயசைப்பது தெரிந்தது. அடுத்த நிலையத்தில் இறங்கி, இறங்கிய இடத்திலேயே கம்பு மாதிரி நின்றேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவி பக்கத்தில் வந்து நின்று ஓர் இனிப்புத் தந்தாள். பவளம் வரும்வரைக்கும் போகவில்லை.

"நல்ல காலம் மச்சாள், கதவு உங்களை வைச்சுச் சாத்தினது. உங்கடை தம்பியை வைச்சுச் சாத்தியிருந்தால் அந்த ஊரிலை ஏலம் எங்கை நடக்குது எண்டு போயிருப்பார்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்தது. ஐயரும் உறவினரும் போனார்கள், வீடு கழுவினோம், துடக்குக் கழிந்தது. அதற்கு அடுத்து வந்த வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்குக் காட்சிச்சாலைப் பெண்மணி சிறுமியின் படத்தை எடுத்துப்போக வருவதாக ஒழுங்கு.

வெள்ளிக்கிழமை காலமை நான் முழுகிவிட்டு வந்தேன். ஒரு மாதத்துக்குப் பிறகு விளக்கு வைக்கிற நாள். அலுமாரிக்குள் இருந்த சாமிப் படங்களை எடுத்துத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். தம்பியின் படத்துக்கும் வைத்தேன். பவளம் அப்போதுதான் குளித்துவிட்டு வந்து என்னைக் கடந்து மாடிக்குப் போனாள். நெற்றி வெறுமையாக இருந்தது. முப்பது வருடம் பொட்டு இருந்த இடம் மட்டும் வெளிறித் தெரிந்தது. என் நெற்றி வெறுமையாகி இருபது வருடம்.

முன் அறையில் அந்தப் பிள்ளை நின்றது, அதுவும் வெறும் நெற்றியோடு. பெற்றவர்கள் இல்லை, விளக்கு வைக்க ஆள் இல்லை. இன்றைக்கு வீட்டை விட்டுப் போகப் போகிறது. ஒரு பெண்பிள்ளையை வெள்ளிக்கிழமையில் வெறும் நெற்றியோடு எப்படி வெளியே அனுப்புவது?

மோதிர விரலால் சந்தனம் தொட்டு வைத்தேன். அதன் மேல் ஒரு புள்ளி குங்குமம். பிள்ளையின் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. சத்தியமாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் குங்குமம் கசியத் தொடங்கியது. எங்கள் வீட்டுப் படங்களுக்கெல்லாம் முன்னால் கண்ணாடி இருக்கும். பொட்டு கண்ணாடியில்தான் இருக்கும், துடைத்தால் போய்விடும். இந்தப் படத்துக்குக் கண்ணாடி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழைய சாயத்தில் இருந்த மயிர் போன்ற வெடிப்புகளுக்குள் சிவப்பு ஓடியது. பயந்துபோனேன். ஒருவரையும் கூப்பிடவில்லை. அடுப்படிக்கு ஓடிப்போய்த் துணியை நனைத்து, கோப்பை கழுவுகிற சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்து வந்து துடைத்தேன். சிவப்புப் போகவில்லை. அழுத்தித் துடைத்தேன். சிவப்போடு சேர்ந்து நெற்றியும் வந்தது. ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு. கீழே மண்ணிறச் சாக்குத் துணி தெரிந்தது.

பவளம் படியில் நின்று பார்த்தாள். இறங்கி வந்து என் கையிலிருந்த துணியை வாங்கினாள். அந்த நேரம் வாசல் மணி அடித்தது.

சாந்திதான் கதவைத் திறந்தாள். அன்றைக்கென்று தான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியில் லீவு எடுத்திருந்தாள். வந்த பெண்மணி வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார். படத்தைப் பார்த்ததும் கையுறை போட்ட கையால் வாயை மூடினார். சாந்தி தாயின் கையிலிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள்.

"அம்மா! என்ன செய்தனீங்கள்?"

பவளம் என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. நெஞ்சில் கை வைத்து ஆங்கிலத்தில் சொன்னாள். அந்த அளவு ஆங்கிலம் எனக்கும் விளங்கும். குங்குமம் பட்டுவிட்டது, நான்தான் துடைத்தேன் என்றாள்.

நான் அடுப்படி வாசலில் நின்றேன். 'நான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும். முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பெண்மணி, கண்ணீரோடு நிற்கிற பிள்ளை. என் வாய் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பெண்மணி பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். படத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பிறகு சாந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். தங்கள் இடம் மிகச் சிறியது, இதைத் திருத்துகிற வசதி இல்லை, இப்படியான படத்தில் முகம்தான் எல்லாம், தம் குழு இனி ஏற்காது என்று சொன்னதாகப் பவளம் பிறகு எனக்கு விளக்கினாள். போகும்போது மன்னிப்புக் கேட்டார். அவர் ஏன் கேட்க வேண்டும்?

சாந்தி அடுப்படிச் சுவரில் இருந்த தாளைக் கிழிக்கவில்லை. நாலு மூலையிலும் நகத்தால் கெல்லிக் கவனமாகக் கழற்றி, மடித்துக்கொண்டு மாடிக்குப் போனாள். அன்றிலிருந்து தாயோடு பேசவில்லை.

"ஏன் மச்சாள் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று பின்னேரம் பவளத்தைக் கேட்டேன்.

"பெத்தவளோடை கோவிச்ச பிள்ளை திரும்பி வரும் மச்சாள். மாமியோடை கோவிச்சால் வராது. உங்களுக்கும் அவளை விட்டால் ஆர் இருக்கினம்? விடுங்கோ. நான் தாங்குவன்."

எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். ஏற்றுக்கொண்டது சுகமாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

படத்தை வீட்டில் வைத்துப் பார்க்கத் தாய்க்கும் முடியவில்லை, மகளுக்கும் முடியவில்லை. காட்சிச்சாலை எடுக்காவிட்டால் ஏலத்துக்குக் கொடுங்கள், பூட்டி மட்டும் வைக்காதீர்கள் என்று தம்பி எழுதி வைத்திருந்தான். சாந்தி ஒரு ஏல நிறுவனத்தோடு பேசினாள். வான் வருகிற காலமை, அவர்கள் மாடியில் இருந்தபோது, நான் படத்தைத் திருப்பினேன். பின்பக்கச் சட்டத்தில் பழைய ஏலங்களின் இலக்கங்கள், சட்டம் போட்டவர்களின் துண்டுக் காகிதங்கள். தம்பியின் பெயர் எங்கும் இல்லை. கறுத்த பென்சிலை எடுத்து, கீழ்ச் சட்டத்தில், ஐந்தாம் வகுப்பில் பழகிய உருண்டைத் தமிழ் எழுத்தில், ஒவ்வொன்றாக எழுதினேன். குணரத்தினம்.

இரண்டு மாதம் கழித்து ஏலத்தின் அச்சுப் புத்தகம் தபாலில் வந்தது. சாந்தி சோபாவில் இருந்து எனக்கு வாசித்தாள்.

"ஒரு கனவானின் உடைமை எண்டு போட்டிருக்கு."

"அது ஆர்?"

"அப்பாதான் மாமி. நேம் போடாட்டில் அப்பிடித்தான் போடுவினம். பிறகு, நெற்றியிலை சேதம். பிறகு..." கொஞ்சம் நிறுத்தினாள். "பின்பக்கத்திலை தெளிவில்லாத எழுத்து. அது என்ன எழுத்து? அப்பா வாங்கேக்கை இருந்ததோ?"

தெளிவாகத்தான் எழுதினேன் பிள்ளை என்று சொல்ல வாய் வந்தது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வரும். தெரியாது என்றேன்.

ஏலத்துக்குச் சாந்தியும் நானும் போனோம். பவளத்தை அவள் கூப்பிடவில்லை. ஊரில் கடற்கரையில் மீனை ஏலம் கூறுகிறபோது போடுகிற சத்தம் உங்களுக்குத் தெரியும். திருவிழாவில் ஒரு மாம்பழத்தை ஏலம் கூறினாலும் கோயில் அதிரும். இங்கே செத்த வீடு மாதிரி அமைதி. பக்கத்தில் ஒரு மனிதர் வெள்ளரிக்காய் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டு, தாடையைக்கூட நிறுத்தாமல், பென்சிலை ஓர் அங்குலம் உயர்த்தி ஒரு கப்பலை வாங்கினார். பிள்ளையின் படத்தை ஏப்ரன் கட்டிய ஆள் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். நெற்றியில் இருந்த வடு கடைசி வரிசைக்கும் தெரிந்தது. யாரோ தொலைபேசியில் கேட்டார்களாம், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார்கள். மூச்சு விட்டு முடிவதற்குள் எல்லாம் முடிந்தது. யார் வாங்கியது, எங்கே தொங்கும் என்று கேட்டால் சொல்ல மாட்டார்களாம்.

ரயிலில் சாந்தி அழுதாள். "சும்மா விட்டிருக்கலாம், மாமி. ஒரு நாள். ஒரே ஒரு நாள் அம்மா அதைத் தொடாமல் விட்டிருக்கலாம்."

ரெய்னர்ஸ் லேன் வரும்வரைக்கும் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். அதைத்தான் செய்தேன்.

நான் ஊருக்குத் திரும்பி வருடங்கள் போய்விட்டன. போன மாசியில் பவளம் போய்ச் சேர்ந்தாள். சாந்தி ஆங்கிலத்தில் கடிதம் போட்டிருந்தாள். வாசிகசாலையில் ஒருவரிடம் கொடுத்து வாசிக்கக் கேட்டேன். தாயோடு பிறகு பேசிப் பழகினாளாம், ஆனால் முந்தி மாதிரி இல்லையாம். 'அப்பாவின் படத்தை அவர் அப்படிச் செய்ததை என்னால் கடைசிவரை மன்னிக்க முடியவில்லை, அது எனக்கு வெட்கமாக இருக்கிறது மாமி' என்று எழுதியிருந்தாள். வாசித்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இதை ஆங்கிலத்தில் எழுதித் தாருங்கள் என்று இன்னொருவர் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு இன்னும் வாய் வரவில்லை. தமிழில்தான் எழுத முடிந்தது. சாந்திக்குத் தமிழ் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது.

ஆகையால் வாசிக்கிற உங்களைத்தான் கேட்கிறேன். ரெய்னர்ஸ் லேன் பக்கம் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிற சாந்தியை யாருக்காவது தெரிந்திருந்தால், முழுவதையும் வாசித்துக் காட்ட வேண்டாம். மாமி சொன்னவ என்று இவ்வளவும் சொன்னால் போதும்: பொட்டு வைத்தது நான். துடைத்ததும் நான். உன் அம்மா அந்தப் படத்தைத் தொடவே இல்லை.